எதிரே வருகிறவர் கண்

விளக்கு விற்கப் போகிற வண்டிக்கே விளக்கு சரியில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு எப்படி நின்றுபோயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு தொழிற்கூடம் வைத்திருக்கிறார். நவராத்திரி வரைக்கும் கொலுப் பொம்மை. நவராத்திரி முடிந்த கையோடு கார்த்திகைக்கு அகல் விளக்கு. இரண்டும் ஓயும் மாதங்களில், வீட்டு மின்சாரப் பலகையில் பார்த்திருப்பீர்களே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதைச் செய்வார். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு கூட வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. இந்தத் தொழிலைப் படிப்பாகவே சொல்லித் தருகிற அரசு நிலையமும் ஊரில் உண்டு. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடியவர்கள் அழைத்த ஊருக்கு இப்படி ஒரு பீங்கான் முகம் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் அங்கே போகும்போதெல்லாம் பொம்மை வார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். உள்சுவரில் தோல் போல மண் படிந்துகொள்ளும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பிள்ளையார் வெகு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். பெரிய மனிதர்கள் சிலரைக் காணும்போது எனக்கு அந்த அச்சு ஞாபகத்துக்கு வருவதுண்டு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிநேகிதரிடம் ஒரு மேட்டடார் வேன் உண்டு. 1990-களில் யாரோ வாங்கி, யாரோ ஓட்டி, மூன்றாவது கையாக இவரிடம் வந்தது. அந்த மாதிரி வேன்கள் செய்வதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ஜின் இன்னும் உழைக்கிறது. முகப்பில் இரண்டு வட்ட விளக்குகள். இரவில் அவற்றைப் போட்டால், எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"ஒரு அகலை ஏற்றி முன்னால் கட்டித் தொங்கவிடேன். இதைவிட நன்றாகத் தெரியும்" என்று கேலி செய்வேன்.

"உனக்கென்னப்பா, இருட்டிலே இருந்துகொண்டே எழுதலாம். நான் இருட்டிலே வண்டி ஓட்ட முடியுமா?" என்பார் அவர். ஆனால் விளக்கை மட்டும் சரிசெய்ய மாட்டார். அடுத்த சரக்கு போகட்டும், அடுத்த சரக்கு போகட்டும் என்று நாலு வருஷம் போயிற்று.

2022-ஆம் வருஷம் மாசி மாதம், உளுந்து அறுவடை சமயம். அந்தப் பக்கத்துச் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும். உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளே அவர்களுக்குப் போரடிக்கும் மாடுகள். பரப்பிய இடத்தைச் சுற்றிக் கருங்கல்லாகப் பொறுக்கி வைத்திருப்பார்கள். அன்று இரவு ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளோடு உளுந்தூர்பேட்டைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். கல்லை டிரைவர் பார்க்கவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்னால் இரண்டு பெட்டி பீங்கான் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தேன். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பாதங்கள் தெரிந்தன. உளுந்துக்குக் காவலாகப் படுத்திருந்த மனிதர் தலைவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு சத்தத்துக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

வெடிப்பு விட்ட அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி போய்விட்டது. ஒருவனுக்கு வழி தெரிய வேண்டுமென்பது அவனுடைய சௌகரியத்தைப் பொறுத்த விஷயமல்ல, வழியில் கிடக்கிறவனுடைய உயிரைப் பொறுத்த விஷயம் என்று அன்றைக்குப் புரிந்தது. சிநேகிதரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "முதல் காரியமாக நல்ல விளக்குப் போடு. கடையிலே இருக்கிறதுக்குள்ளே எது பெரிசோ அதை வாங்கிப் போடு."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவரும் வாங்கிப் போட்டார். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே துளையில் செருகிக்கொள்ளும்படியான எல்.ஈ.டி. பல்புகள். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம். அந்த வருஷம் கார்த்திகை அகல்களை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது, அங்கே தீபத்துக்கு முந்திய கடைவீதியைப் பார்க்க ஆசைப்பட்டு நானும் தொற்றிக்கொண்டேன். விடியற்காலம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆயிரக்கணக்கில் அகல், வைக்கோல் போட்டு அடுக்கிக் கூரைவரை ஏற்றியிருந்தது. டிரைவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பகல் மாதிரி இருக்கு சார்! புளியமரத்துல இலைய எண்ணலாம் சார்!" என்றான். உண்மையாகவே எண்ணலாம் போலத்தான் இருந்தது. சாலைக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதற்காகப் புளியமரத்து இலைக்குப் போகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திருக்கோவிலூருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இப்பால் எதிரே ஒரு மொபெட் வந்தது. அதன் விளக்கு மின்மினி மாதிரி ஆடி ஆடி வந்தது. எங்களை நெருங்கும்போது சற்றுத் தயங்கிற்று; பிறகு நேராக ஓரத்துப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. தகரம் உருளும் சத்தம். டிரைவர் நூறு அடி தள்ளித்தான் நிறுத்தினான். ஓடினோம்.

அறுபத்தைந்து வயதிருக்கும், ஒரு பெரியவர். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர். கேன் கவிழ்ந்து பால் முழுவதும் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடி இல்லை. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "யாருங்க?" என்று கேட்டார். நாங்கள் அவருக்கு எதிரிலேதான் நின்றோம்.

"விழுந்துட்டீங்களே பெரியவரே, என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல சார். எனக்குத்தான் கண்ணு செரியில்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் ஆப்பரேசன் பண்ணாங்க. நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. என்னமோ, திடீர்னு எல்லாம் வெள்ளையாப் போச்சு."

டிரைவர் என்னைப் பார்த்தான். நான் டிரைவரைப் பார்த்தேன். மொபெட்டைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தோம். பாலுக்கென்று இருநூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டு, "நல்லாருப்பீங்க சார்" என்று கும்பிட்டார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு கூட எனக்கு இருந்தது என்பதை வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அது திருக்கோவிலூர் போய்ச் சேரும் வரைக்கும் இருந்தது.

அந்த ஊரைப் பற்றி வைஷ்ணவ நண்பர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை இருட்டில், ஒரு வீட்டு இடைகழியில், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற இடத்தில் முதலாழ்வார் மூவரும் வந்து ஒண்டினார்கள். நாலாவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது. யாரென்று பார்க்க விளக்கு வேண்டியிருந்தது. பொய்கையார் உலகத்தையே அகலாக வைத்து ஒரு விளக்கு ஏற்றினார், பூதத்தார் அன்பை அகலாக வைத்து இன்னொன்று ஏற்றினார், பேயாழ்வார் கண்டுவிட்டார். எத்தனையோ முறை காலட்சேபத்தில் கேட்ட கதை. அன்று வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் புதிதாக உறைத்தது. அவர்கள் விளக்கேற்றியது வழி தெரிவதற்காக அல்ல. தங்களோடு அந்த இடுக்கில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. நாங்களும் ஒரு குறுகலான பாதையில், இருட்டில், ஒரு பெரிய விளக்கை ஏற்றிக்கொண்டுதான் வந்தோம். பக்கத்திலிருந்தவரை நாங்களும் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்க அவரையும் விடவில்லை.

இதில் நியாயம் என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வழி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தூங்குகிறவன் காலில் ஏற்றிவிடுவேன். எதிரே வருகிறவருக்கும் வழி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் பள்ளத்தில் விழுவார். இரண்டும் நியாயம். சட்டம் எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி, 155 மீட்டர் தூரத்தில் சாலையில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும்படி விளக்கு இருக்க வேண்டும் என்கிறது. அடுத்ததாகவே 106-ஆவது விதி, எட்டு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்புறமாக, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கண்ணைக் கூசச் செய்யாதபடி அந்த வெளிச்சம் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண்! அந்தக் கண்ணுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அது யாருடையதாகவும் இருக்கலாம். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு பரிவை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் சட்டத்தால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. கண் கூசுகிறது என்பது கூசுகிற கண்ணுக்குத்தான் தெரியும். என் வண்டியின் வெளிச்சத்தில் கல் தெரிகிறது, மரம் தெரிகிறது, பாம்பு தெரிகிறது. என் வெளிச்சம் எதிரே வருகிறவரை என்ன செய்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருக்கிற வரையில் எல்லாம் பகல் மாதிரிதான் இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மொபெட், விநாடிக்கு எட்டு மீட்டர் ஓடும். கூசின கண் தெளிய ஐந்தே விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதான கண்ணுக்கு அதற்கு மேலும் ஆகும். நாற்பது மீட்டர் தூரம் அந்த மனிதர் கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். அந்த நாற்பது மீட்டரும் என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. நான் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறேன், நல்ல விளக்குப் போட்டோம் என்ற திருப்தியோடு.

தெரியாமல் செய்த பிழைக்குப் பாவமில்லை என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: விழுந்தவர் வாய் திறந்து, "உன் விளக்கு என் கண்ணைப் பறித்துவிட்டது" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ தன் கண்ணையே குற்றம் சொல்லிக்கொண்டார். அதில் ஆச்சரியம் இல்லை. பெரிய வண்டியும் சின்ன வண்டியும் எதிரெதிரே வந்தால் சின்ன வண்டிக்காரன் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டு பழகியிருக்கிறான். நான் அந்தப் பழக்கத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டியை விடுங்கள். எனக்கு ஒரு சமயம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். "தங்கள் நாவலின் பிற்பகுதி விளங்கவில்லை. எனக்குப் படிப்பு போதாது. மன்னிக்கவும்" என்று. அந்தக் கடிதத்தை நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த நாவலின் பிற்பகுதி விளங்காதது உண்மை. எழுதும்போதே எனக்கும் அது சரியாக விளங்கவில்லை. பிரகாசமாக இருக்கட்டும் என்று ஏதேதோ போட்டிருந்தேன்.

திருவண்ணாமலையிலிருந்து திரும்பியதும் சிநேகிதரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருக்கிற, வண்டிகளுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற பாய் ஒருவரிடம் வேனை ஓட்டிக்கொண்டு போனோம். பாய்க்கு எழுபதை ஒட்டிய வயது. எல்.ஈ.டி. பல்பைக் கழற்றிக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா இந்தக் கிண்ணத்துக்கு இது இல்ல" என்றார். உள்ளே இருக்கும் பிரதிபலிக்கும் கிண்ணமும் முன்னால் இருக்கும் வரிபோட்ட கண்ணாடியும், மெல்லிய ஒரு கம்பிச் சுருள் குறிப்பிட்ட இடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. அந்தக் கணக்குப்படிதான் வெளிச்சத்தை மடக்கிச் சாலையில் போடும். கம்பிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு உருவத்தில், வேறு அளவில் ஒன்றை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். "அதான் ஒங்களுக்குப் புளியமரம் தெரிஞ்சிது."

"அப்படியானால் பழைய பல்பு ஏன் மினுக் மினுக்கென்று எரிந்தது?" என்று கேட்டேன்.

பாய் பழைய பல்பையே திரும்பப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை எடுத்தார். பாட்டரியில் 13.8 வோல்ட் காட்டிற்று. அதே மீட்டரை விளக்கின் முனையில் வைத்தார். 11 தான் காட்டிற்று. புறப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே காணாமல் போய்விட்டது.

எனக்குச் சுந்தரர் ஞாபகம் வந்தார். இதே ஊரில்தானே அவர் பன்னிரண்டாயிரம் பொன்னை வாங்கி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார்! எடுத்த பொன்னில் மாற்றுக் குறைந்திருந்ததாம். உரைத்துப் பார்த்துச் சொன்னவர் மாற்றுரைத்த பிள்ளையார். பாயிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப நான்தான் அந்தப் புள்ளையாரா?" என்று சிரித்துவிட்டு, சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

மாற்று எங்கே குறைந்தது என்பதை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். விளக்குக்கான மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து டிரைவர் முன்னால் இருக்கிற சுவிட்சு வரைக்கும் வந்து, அங்கிருந்து டிப்பர் சுவிட்சுக்குப் போய், மறுபடி முகப்புக்குத் திரும்புகிறது. வயரோ மெல்லிசு, முப்பது வருஷத்துப் பச்சைக் களிம்பு வேறு. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகக் கழிகிறது. எர்த் கம்பி இரும்பைத் தொடுகிற இடத்தில் துரு. சாதாரண பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் போனால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போகும். எங்கள் கணக்குக்குப் பாதிக்கு மேலேயே போயிருந்தது. கிண்ணத்தின் பளபளப்பும் பழுப்பேறியிருந்தது. ஆக, விளக்கு சிறியதாக இருந்ததால் இருட்டு வரவில்லை. விளக்குக்குச் சேர வேண்டியது போய்ச் சேரவில்லை. நாங்கள் அதைக் கேட்காமல் பெரிய விளக்குக்குப் போனோம்.

அவர் செய்த வைத்தியம் ரொம்பப் பெரிய வித்தையில்லை. பாட்டரியிலிருந்து நேராக முகப்புக்குத் தடித்த வயர், நடுவில் ஒரு ஃபியூஸ், இரண்டு ரிலே. ரிலே என்பது ஒரு காரியஸ்தன். பழைய சுவிட்சு இனிமேல் சுமை தூக்க வேண்டாம், உத்தரவு மட்டும் கொடுத்தால் போதும். சுமையைக் காரியஸ்தன் பார்த்துக்கொள்வான். எர்த் கம்பிக்குத் துருவைச் சுரண்டிப் புதுப் போல்ட். கிண்ணம் இரண்டும் புதிது. பல்பு அதே பழைய 60 வாட்தான். ஹோல்டர் மட்டும் பீங்கானில்தான் இருக்க வேண்டும் என்று சிநேகிதர் பிடிவாதம் பிடித்தார். "இந்தப் பல்புக்கு பிளாஸ்டிக்கே போதும் மொதலாளி" என்றார் பாய். "பீங்கான்காரன் வண்டியில் பிளாஸ்டிக்கா?" என்றார் இவர். இதற்கு மேல் அங்கே வாதம் நடக்கவில்லை. இரண்டாந்தரம் மீட்டர் வைத்தபோது விளக்கு முனையில் 13.4 காட்டிற்று.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பாய் விடவில்லை. "சரக்க ஏத்தி ராத்திரிக்கு ஒங்க பேட்டைக்குக் கொண்டாங்க. செவுத்துல அடிச்சுப் பாக்கணும்" என்றார்.

"சரக்கு எதற்கு?"

"காலி வண்டிக்கு அட்ஜஸ்ட் பண்ணிட்டா, லோடு ஏத்தினதும் பின்னால இறங்கும், மூஞ்சி தூக்கிக்கும். வெளிச்சம் நேரா எதிர்ல வர்றவன் மூஞ்சிக்குப் போயிடும். ஓட்டுறவனுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது."

இந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அன்று திருவண்ணாமலைக்குப் போனபோது கூரைவரை சரக்கு.

சூளைக் கூடத்தின் நீண்ட வெள்ளைச் சுவருக்கு எதிரே இருபத்தைந்து அடி தள்ளி வேனை நிறுத்தினார்கள். சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழேதான் டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு நிற்க வேண்டும். நாம் இடப்பக்கம் போகிறவர்களாகையால் இடது ஓரம் மட்டும் சற்று ஏறலாம். பாய் திருகாணியைத் திருகிக்கொண்டே, என்னைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். வெளிச்சம் என் முகத்தில் அறைந்தது. பாய் எங்கே, வண்டி எங்கே, சிநேகிதர் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தை. கையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். திருகாணி சுற்றச் சுற்ற வெளிச்சம் நெற்றியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து மார்புக்கு, இடுப்புக்கு இறங்கிற்று. முதலில் பாயின் தொப்பி தெரிந்தது.

பழைய நாளில் லாரி விளக்குகளின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள், திருஷ்டிப் பொட்டு மாதிரி. கூச்சத்தைக் குறைப்பதற்காகப் போலீசார் வைக்கச் சொன்ன பொட்டு. இப்போது அதைக் காணோம். லாரிகளின் முதுகில் 'யூஸ் டிப்பர் அட் நைட்' என்று எழுதியிருப்பது மட்டும் இருக்கிறது. அதைப் படிக்கிறவன் பின்னால் வருகிறவன். உளுந்தூர்பேட்டையில் குறுக்கிடுகிற சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் நடுவே அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்து வெளிச்சத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஆகவே அங்கே யாரும் யாருக்கும் டிம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை போலும், பழக்கமும் விட்டுப்போகிறது. அதே கார்கள் அரளி இல்லாத கிராமத்துச் சாலையில் இறங்கி வரும்போது, பெரியவரின் கண்ணுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

2023-ஆம் வருஷம் கார்த்திகைக்கு மறுபடி அதே வழியில் அகல் கொண்டுபோனோம். நான் போக வேண்டிய அவசியமில்லை, போனேன். அதே இடத்தருகே ஒரு டீக்கடையில் நிறுத்தி, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற, கண் ஆப்பரேஷன் ஆன பெரியவர் என்று விசாரித்தேன். மணி நாலரை இருக்கும். "இப்ப வருவாரு, நில்லுங்க" என்றார் கடைக்காரர்.

வந்தார். மொபெட்டில் வரவில்லை. பால் கேனைத் தலையில் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "பாலுக்குப் பணம் குடுத்த சாரா?" என்று சந்தோஷமாக விசாரித்தார். வண்டி எங்கே என்று கேட்டேன்.

"வித்துட்டேன் சார். கண்ண நம்பி இனிமே எப்படி ஓட்டுறது? இன்னொரு கண்ணுக்கும் ஆப்பரேசன் பண்ணணும்னு கூப்பிட்டாங்க. மொதக் கண்ணே செரியாவலையேன்னு போவல."

சொன்னேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்தது முழுவதையும் சொன்னேன். பல்பைச் சொன்னேன், சரக்கைச் சொன்னேன், இப்போது மாற்றிவிட்டோம் என்பதையும் சொன்னேன். அவர் கண் நன்றாகத்தான் இருந்தது, எங்கள் விளக்குத்தான் அதைப் பறித்தது, அது அப்போதே எங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். கடைசி வார்த்தையை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"அத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, இந்தப் பதினோரு மாசம் நான் நடந்திருக்க மாட்டேனே சார்" என்றார்.

பிறகு எழுந்து, கேனைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, சாலையில் கொஞ்ச தூரம் நடந்து போய், வேனுக்கு எதிரே திரும்பி நின்றுகொண்டார். "போடச் சொல்லுங்க, பாப்போம்."

டிரைவர் போட்டான். பெரியவர் பழக்கத்தினால் கையைக் கண்ணுக்கு மேல் கொண்டுபோனார். அப்புறம் இறக்கிக்கொண்டார். வேட்டி மட்டும் வெளிச்சத்தில் இருந்தது.

"இது பரவால்ல. ஒங்க டிரைவர் தம்பி மொகம் தெரியுது" என்றார். அந்தச் சமயம் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பெரிய கார் ஒன்று வெள்ளை வெளேரென்று வந்து, எங்கள் எல்லோரையும் ஒரு நிமிஷம் இல்லாமல் செய்துவிட்டுப் போயிற்று. கண்ணைக் கசக்கிக்கொண்டே கேனைத் தேடித் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டவர் கேட்டார்:

"அவுங்களுக்கு யாரு சார் சொல்றது?"